பழைய கேஸ் அடுப்பு வாங்கலாமா? பாலிஷுக்குக் காசு கொடுக்காதீங்க, சோதனைக்குக் கொடுங்க!

ரூம் மாறும்போது பேச்சிலர்கள் முதலில் தேடுவது மூன்று பொருள்கள்: ஒரு பாய், ஒரு ஃபேன், ஒரு கேஸ் அடுப்பு. பாயைப் புதுசா வாங்கிடலாம். ஃபேன் பெரும்பாலும் வீட்டோடவே வரும். அடுப்புதான் பட்ஜெட்டைக் கடிக்கும். அதனால் நிறைய பேர் போய் நிற்கும் இடம், பழைய சாமான் கடை.

நானும் அப்படித்தான் நின்றேன். இரண்டு பர்னர் ஸ்டீல் அடுப்பு, 800 ரூபாய். முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு. "புது அடுப்பு மாதிரி ரெடி பண்ணியிருக்கோம்" என்று சொன்னார்கள். நம்பி வாங்கி வந்தேன். மூன்றாவது நாள் காலையில் சமையலறைக்குள் போனதும் அந்த வாசனை. நாப் இரண்டும் மூடித்தான் இருந்தது. ரெகுலேட்டரை மூடிவிட்டு, ஜன்னலைத் திறந்துவிட்டு, லைட் சுவிட்சைக்கூடத் தொடாமல் வெளியே வந்துவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை, தப்பித்தேன்.

மறுநாள் வந்த சர்வீஸ் அண்ணன் அடுப்பைக் கவிழ்த்து, இடது பக்க நாப்புக்குப் பின்னால் இருக்கும் வால்வைக் கழற்றிக் காட்டினார். உள்ளே கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் பிசுபிசுப்பாக ஏதோ எண்ணெய். "தம்பி, மேல தேய்ச்சவரு உள்ள திறந்தே பார்க்கலை. நாப் டைட்டா இருந்திருக்கும், தேங்காயெண்ணெய் விட்டு லூஸ் பண்ணியிருக்காரு" என்றார்.

அன்றிலிருந்து என் மனதில் ஓடும் கேள்வி இதுதான். பழைய அடுப்பைச் சரிசெய்து விற்பது என்றால் என்ன? மேலே தேய்ப்பதா, உள்ளே பார்ப்பதா?

முதலில் ஒன்று: பழைய அடுப்பு வாங்குவது தப்பில்லை

நான் செகண்ட் ஹேண்ட் அடுப்புக்கு எதிரி இல்லை. சொல்லப்போனால், மறுபடியும் பயன்படுத்த இதைவிடப் பொருத்தமான வீட்டுச் சாமான் குறைவு. மிக்ஸியில் மோட்டார் எரியும். ஃபிரிட்ஜில் கம்ப்ரஸர் போகும். ஆனால் கேஸ் அடுப்பில் சுற்றும் பாகமே கிடையாது. ஒரு ஸ்டீல் பெட்டி, அதற்குள் ஒரு பைப், வால்வு, ஜெட், பர்னர். அவ்வளவுதான். தேயும் பாகங்கள் எல்லாமே கழற்றி மாட்டக்கூடியவை, விலையும் குறைவு. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் ஒரு அடுப்பு பல வருடம் உழைக்கும்.

தேவையும் இருக்கிறது. 2021-ல் தொடங்கிய உஜ்வாலா 2.0 திட்டத்தில் ஏழைக் குடும்பங்களுக்கு இணைப்போடு அடுப்பும் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் முகவரிச் சான்று இல்லாமல் வாங்கக்கூடிய 5 கிலோ சிலிண்டரை வைத்து சமைக்கும் வெளியூர்த் தொழிலாளிகள், மாணவர்கள், புதுசா தனிக்குடித்தனம் போனவர்கள், தள்ளுவண்டி போட நினைப்பவர்கள் எல்லாம் எங்கே போவார்கள்? அவர்களுக்குப் பழைய சாமான் கடையும் காயலான் கடையும்தான் கதி.

அதனால் என் வாதம் "வாங்காதீங்க" என்பது அல்ல. சோதிக்காத அடுப்பை 'சரிசெய்த அடுப்பு' என்று சொல்லி விற்கக் கூடாது என்பதுதான்.

கண்ணுக்குத் தெரியும் அழுக்கு, தெரியாத ஆபத்து

அடுப்பில் நாம் பார்ப்பது மேல் தகடு, பாத்திரம் வைக்கும் ஸ்டாண்ட், பர்னர். இவை அழுக்காக இருந்தால் அசிங்கம், அவ்வளவுதான். உயிருக்கு ஆபத்து வருவது தகட்டுக்குக் கீழே இருக்கும் மூன்று பாகங்களிலிருந்து.

முதலாவது, வால்வு. நாப்பைத் திருகும்போது உள்ளே ஒரு கூம்பு வடிவப் பித்தளைத் தண்டு சுழலும். அந்தத் தண்டுக்கும் அதைச் சுற்றியுள்ள கூட்டுக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய கிரீஸ் படலம்தான் கேஸை வெளியே விடாமல் தடுக்கிறது. வருடக்கணக்கில் சூடுபட்டு அந்த கிரீஸ் காய்ந்துவிடும். நாப் இறுகும். அப்போது சமையல் எண்ணெய் விட்டால் உடனே லேசாகிவிடும், ஆனால் மிச்சமிருந்த கிரீஸையும் அது கரைத்துவிடும். பிறகு அந்த எண்ணெயும் சூட்டில் பிசினாகும். முன்பு இறுகிய நாப்தான் பிரச்னையாக இருந்தது, இப்போது கசியும் நாப். இரண்டாவதுதான் மோசம்.

இரண்டாவது, ஜெட். பர்னருக்குள் கேஸைப் பீய்ச்சும் சின்னப் பித்தளைத் துண்டு. அதன் துளை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அடைத்துக்கொண்டால் பலரும் ஊசியை எடுத்துக் குத்துவார்கள். பித்தளை மென்மையானது, இரும்பு ஊசி அதைத் தேய்த்துத் துளையைப் பெரிதாக்கிவிடும். ஒரு சின்னக் கணக்கு: துளையின் விட்டம் 10 சதவீதம் கூடினால் அதன் பரப்பு 21 சதவீதம் கூடும். அந்த அளவுக்கு கேஸ் அதிகமாக வரும். அதற்கு ஏற்ற காற்று கலக்காததால் தீ மஞ்சளாகும், பாத்திரத்தின் அடி கறுக்கும், மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு சேரவும் வாய்ப்பு உண்டு. கேஸ் காசும் வீண்.

மூன்றாவது, உள் பைப்பும் டியூப் மாட்டும் முனையும். பால் பொங்கி, சாம்பார் வழிந்து உள்ளே போய், வருடக்கணக்கில் ஊறி அந்த பைப் துருப்பிடித்திருக்கலாம். மேலே எவ்வளவு பாலிஷ் போட்டாலும் இது தெரியாது. கவிழ்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

கசிவு ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது. தரையோடு படர்ந்து, மேடைக்குக் கீழே, கட்டிலுக்கு அடியில் தேங்கும். காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தாலே தீப்பற்றும். எல்பிஜிக்கு இயற்கையில் வாசனையும் கிடையாது. நமக்கு மூக்கில் ஏறும் அந்த நாற்றம், எச்சரிக்கைக்காகவே சேர்க்கப்படும் எத்தில் மெர்காப்டன் என்ற வேதிப்பொருள். பத்துக்குப் பத்து ரூமில் நான்கு பேர் படுத்துத் தூங்கும் இடத்தில், மேடையோரத்திலேயே சமையல் நடக்கும் இடத்தில், இதை யோசித்துப் பாருங்கள்.

ஒழுங்காகச் சரிசெய்வது எப்படி?

இதில் ராக்கெட் சயின்ஸ் எதுவும் இல்லை. நல்ல சர்வீஸ் ஆட்கள் செய்வது இதுதான்.

பித்தளை பர்னர் என்றால் நம் வீட்டுப் பாட்டி குத்துவிளக்கு தேய்க்கும் அதே வைத்தியம். வெந்நீரில் புளியோ எலுமிச்சையோ போட்டு ஊறவைத்துத் தேய்க்கலாம். துளைகளைக் குத்திப் பெரிதாக்காமல் பிரஷ்ஷால் சுத்தம் செய்து, ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே நிற்காமல் காயவைக்க வேண்டும். பர்னரின் துளைகள் ஏற்கெனவே தேய்ந்து அகன்றிருந்தால், அல்லது மூடி சரியாக உட்காராமல் ஆடினால், தேய்த்துப் பயனில்லை. தீ உள்ளே இழுத்துக்கொள்ளும். புதுசு மாற்றுவதுதான் வழி.

அலுமினியப் பாகங்களில் காஸ்டிக் சோடா படவே கூடாது. அது அலுமினியத்தைத் தின்றுவிடும். அதே மாதிரி, டாய்லெட் ஆசிட் போட்டு ஸ்டீல் தகட்டைத் தேய்ப்பது. இன்று பளிச்சென்று இருக்கும். அதிலுள்ள குளோரைடு ஸ்டீலில் பொடிப்பொடிக் குழிகளைப் போடும், கொஞ்ச நாளில் அங்கிருந்தே துரு தொடங்கும். அதாவது, சில நேரம் நாம் காசு கொடுத்து வாங்கும் பளபளப்பே அடுப்பின் ஆயுளைக் குறைத்திருக்கும்.

பர்னருக்கும் ஜெட்டுக்கும் நடுவில் இருக்கும் கலவைக் குழாயைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பல மாதம் மூலையில் கிடந்த அடுப்பு என்றால் கரப்பான் முட்டையும் சிலந்திக் கூடும் உள்ளே இருக்கலாம். காற்று வழி அடைபட்டால் தீ மஞ்சளாகத்தான் எரியும்.

வால்வைக் கழற்றி, பழைய கிரீஸைத் துடைத்து, வெப்பம் தாங்கும் கிரீஸ் வைத்து மறுபடி மாட்ட வேண்டும். தண்டில் கீறல் இருந்தால் வால்வையே மாற்ற வேண்டும்.

கடைசியாக, எல்லாவற்றையும்விட முக்கியமானது: சோப்புத் தண்ணீர் சோதனை. அடுப்பை சிலிண்டரில் இணைத்து, நாப்களை மூடி வைத்து, ரெகுலேட்டரைத் திறந்து, ஒவ்வொரு இணைப்பிலும் வால்விலும் சோப்பு நுரையைத் தடவ வேண்டும். குமிழி வந்தால் கசிவு. பிறகு பர்னரைப் பற்றவைத்து, நாப் தண்டைச் சுற்றி இன்னொரு முறை பார்க்க வேண்டும். வால்வு திறந்திருக்கும்போது மட்டும் கசியும் அடுப்புகளும் உண்டு. தீக்குச்சி கொளுத்திக் கசிவு தேடும் வீரதீரம் வேண்டவே வேண்டாம்.

தீ நீலமாக, ஒரே சீராக, பர்னரில் ஒட்டி எரிந்தால் அந்த அடுப்பு விற்பனைக்குத் தயார்.

எதையெல்லாம் விற்கவே கூடாது?

சில விஷயங்களில் பேரமே கிடையாது.

'டியூப் ஃப்ரீ' என்று பழைய ரப்பர் டியூபைச் சேர்த்துக் கொடுக்கும் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். அந்த இலவசம் வேண்டாம். உள்ளே கம்பிவலை வைத்த ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூபையே ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கின்றன எண்ணெய் நிறுவனங்கள். யாரோ பயன்படுத்திய டியூபுக்கு எத்தனை வயது என்று யாருக்குத் தெரியும்? புதுசு வாங்குங்கள், ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து வாங்குங்கள். நீளம் ஒன்றரை மீட்டருக்கு மேல் போக வேண்டாம்.

ரெகுலேட்டரும் அப்படித்தான். அது டெபாசிட் வாங்கிக்கொண்டு எண்ணெய் நிறுவனம் நமக்குக் கொடுத்து வைத்திருப்பது. விற்பவருக்கே சொந்தமில்லாத பொருளை நாம் வாங்குவது எப்படி?

கண்ணாடி மேல்தகடு கொண்ட அடுப்பில் ஓரத்தில் சின்னதாகச் சில்லு பெயர்ந்திருந்தாலும் வேண்டாம். டஃபன்ட் கண்ணாடி விரிசல் விட்டு நிற்காது. உடைந்தால் மொத்தமாகத் துண்டு துண்டாக நொறுங்கும். ஒட்டிச் சரிசெய்யவும் முடியாது.

ஐஎஸ்ஐ முத்திரையே இல்லாத அடுப்பையும் தவிர்த்துவிடலாம். வீட்டு எல்பிஜி அடுப்புக்கான இந்தியத் தர எண் ஐஎஸ் 4246. முத்திரைக்கு மேலே இந்த எண்ணும், கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். இந்தத் தரத்தின்படி அடுப்பின் வெப்பத்திறன் குறைந்தது 68 சதவீதம் இருக்க வேண்டும். பாலிஷ் போடும்போது அந்த முத்திரையும் சேர்ந்து அழிந்திருந்தால், விற்பவரைக் கேள்வி கேளுங்கள்.

பைப் கேஸ் அடுப்பா, சிலிண்டர் அடுப்பா?

இந்தச் சந்தையில் புதுசாகச் சேர்ந்திருக்கும் சிக்கல் இது. சென்னை உட்பட பல ஊர்களில் வீட்டுக்கே குழாய் வழியாக வரும் இயற்கை எரிவாயு, அதாவது பிஎன்ஜி, பரவிக்கொண்டிருக்கிறது. பார்வைக்கு இரண்டு அடுப்பும் ஒன்றுதான். ஆனால் ஜெட் வேறு.

ஒரே அளவு எல்பிஜியில் இருக்கும் வெப்பம், அதே அளவு இயற்கை எரிவாயுவில் இருப்பதைப்போல சுமார் இரண்டரை மடங்கு. அதனால் பிஎன்ஜி அடுப்புக்குப் பெரிய துளை உள்ள ஜெட் போடுவார்கள். வீடு மாறும் ஒருவர் அந்த அடுப்பை விற்றுவிட, வாங்கியவர் அதைச் சிலிண்டரில் மாட்டினால்? தேவைக்கு மேல் கேஸ் பீய்ச்சும். மஞ்சள் தீ பாத்திரத்தைத் தாண்டி எழும். இதற்கு நேர்மாறாகச் செய்தால் தண்ணீர்கூடக் கொதிக்காது. விற்கும்போது "இது எந்த கேஸுக்கு மாற்றியது?" என்ற ஒரு கேள்விக்குப் பதில் இருந்தால் போதும், இந்தச் சிக்கலே வராது. கடையிலும் அதைக் கேட்பதில்லை, வீட்டில் விற்பவரும் சொல்வதில்லை.

"சின்னக் கடைக்காரர்கிட்ட இவ்வளவு எதிர்பார்க்கலாமா?"

இதை நண்பர்களிடம் சொன்னபோது வந்த முதல் எதிர்ப்பு இதுதான். "800 ரூபாய் அடுப்புல அவருக்கு என்ன கிடைக்கப்போகுது? இதுல சோதனை, சீட்டுன்னு நீ வேற."

நியாயமான கேள்விதான். தெருத்தெருவாக "மிக்ஸி, குக்கர், கேஸ் அடுப்பு ரிப்பேர்" என்று கூவிக்கொண்டு போகிறவரும், நடைபாதையில் கடை விரித்திருப்பவரும் பெரிய லாபம் பார்ப்பவர்கள் இல்லை. என் அடுப்பின் வால்வைச் சரியாகக் கண்டுபிடித்ததும் அப்படி ஒரு அண்ணன்தான். அவர்களிடம் திறமை இருக்கிறது. பிரச்னை, அந்தத் திறமைக்கு நாம் விலை கொடுப்பதில்லை. பளபளப்புக்குத்தான் கொடுக்கிறோம். கழற்றி கிரீஸ் வைத்த அடுப்பும், மேலே தேய்த்த அடுப்பும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால், நாம் எதை எடுப்போம்? மினுங்குவதைத்தான். கடைக்காரர் அதற்கேற்ற மாதிரி வேலை செய்கிறார்.

சோப்புத் தண்ணீருக்குச் செலவு கிட்டத்தட்ட இல்லை. அந்தச் சோதனைக்கு ஆகும் நேரம் ஒரு டீ குடிக்கும் நேரம். "வால்வு சர்வீஸ் செய்தது, கசிவு சோதித்தது, எல்பிஜி ஜெட்" என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, தேதி போட்டுக் கொடுப்பதற்கும் பெரிய கல்வி தேவையில்லை. அதற்கு 100, 150 ரூபாய் கூடக் கேட்டால் நாம் கொடுக்க வேண்டும். பேரம் பேசக் கூடாத இடம் அது.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ல் 'பொருள் விற்பனையாளர்' என்ற வரையறைக்குள், வணிகரீதியாகப் பொருளைப் பழுதுபார்த்துப் பராமரிப்பவரும் வருகிறார். பொருளைச் சேர்ப்பதிலும், சோதிப்பதிலும், பராமரிப்பதிலும் நியாயமான கவனம் எடுக்காமல் விட்டு, அதனால் பாதிப்பு ஏற்பட்டால், விற்றவரும் பொறுப்பேற்க வேண்டிவரும் என்கிறது பிரிவு 86. ஆனால் கையில் பில்லோ சீட்டோ இல்லாமல், எந்தக் கடையில் வாங்கினோம் என்று எப்படி நிரூபிப்பது? அந்தத் துண்டுச் சீட்டு வாங்குபவரை மட்டுமல்ல, ஒழுங்காக வேலை செய்த கடைக்காரரையும் காப்பாற்றும்.

தயாரிப்பு நிறுவனங்களுக்கும் இதில் பங்கு உண்டு. பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய அரசு 2022 டிசம்பரில் ஒரு இணையதளத்தையே தொடங்கியது. அந்தப் பேச்சு செல்போன், கார், டிராக்டர் என்று போகிறது. நம் வீட்டு அடுப்பின் வால்வும் ஜெட்டும் மாடல் எண்ணோடு, தரமான உதிரிபாகமாகப் பக்கத்துக் கடையில் கிடைக்க வேண்டும் என்பதும் அதே உரிமைதான். அசல் பாகம் கிடைக்காத இடத்தில்தான் தேங்காயெண்ணெய் உள்ளே வருகிறது.

வாங்கப் போறீங்களா? இதை மட்டும் பாருங்க

* அடுப்பைக் கவிழ்த்துப் பாருங்கள். உள் பைப்பில் துரு, டியூப் மாட்டும் முனையில் ஆட்டம் இருந்தால் வேண்டாம்.
* நாப்பைத் திருகிப் பாருங்கள். ரொம்ப இறுக்கமும் வேண்டாம், தொளதொளப்பும் வேண்டாம்.
* ஐஎஸ் 4246 முத்திரை இருக்கிறதா பாருங்கள். எந்த கேஸுக்கான ஜெட் என்று கேளுங்கள்.
* உங்கள் கண் முன்னால் சோப்புத் தண்ணீர் சோதனை செய்து, பற்றவைத்துக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.
* என்ன வேலை செய்தார்கள் என்று எழுதி வாங்குங்கள். டியூபைப் புதுசாக வாங்குங்கள்.
* வீட்டில் மாட்டும்போது அடுப்பு மேடைமேல், சிலிண்டர் தரையில் நேராக நிற்க வேண்டும். மாட்டியதும் இன்னொரு முறை சோப்பு நுரை தடவிப் பாருங்கள்.

கேஸ் வாசனை வந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, எந்த சுவிட்சையும் போடாமலும் அணைக்காமலும் வெளியே வந்து 1906-க்கு அழையுங்கள். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

விற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வீடு காலி பண்ணும்போது "ஏதோ வந்த விலைக்குப் போகட்டும்" என்று அடுப்பைத் தள்ளிவிடுகிறோம். இடது பர்னர் மஞ்சளாக எரியும், வலது நாப் கொஞ்சம் மக்கர் பண்ணும் என்பது நமக்குத் தெரியும். அதைச் சொல்லிவிட்டே விற்கலாமே. 50 ரூபாய் குறையும், அவ்வளவுதான்.

என் 800 ரூபாய் அடுப்பு இப்போதும் என் ரூமில்தான் இருக்கிறது. வால்வு மாற்றி, ஜெட் மாற்றி, புது டியூப் போட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. எல்லாம் சேர்த்தாலும் புதுசு வாங்குவதைவிடக் குறைவாகத்தான் ஆனது. அந்த வேலையை விற்பதற்கு முன்பே கடையில் செய்து, அதற்கான காசையும் சேர்த்து என்னிடம் கேட்டிருந்தால், சந்தோஷமாகக் கொடுத்திருப்பேன்.